2 ஜிபி ரேம் உள்ள பழைய கணினியில் டெபியன் + எக்ஸ்எஃப்சிஇ: நிறுவுவதிலிருந்து நினைவகத்தைச் சீராக்குவது வரை

கணினி மெதுவாகிவிட்டால் பலரும் முதலில் பிராசசரைத்தான் குறை சொல்வார்கள். ஆனால் கோர் 2 டுயோ காலத்துப் பிராசசர்கூட இணையம் பார்க்க, கடிதம் தட்டச்ச, கணக்கு எழுத இன்றைக்கும் போதும். உண்மையில் மூச்சு முட்டுவது ரேமுக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும்தான். ரேம் நிரம்பியதும் சிஸ்டம் டிஸ்க்கை நோக்கி ஓடும். பழைய சுழல் டிஸ்க்கால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. மவுஸ் உறைந்துபோய் டிஸ்க் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலையும் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான டெஸ்க்டாப்பையும் போட்டால் பாதி வேலைதான் முடிந்தது. மீதிப் பாதி நினைவகத்தைச் சீராக்குவது. அதைப் பெரும்பாலான விளக்கங்கள் தவறாகச் சொல்வதால் 6-ஆம் படியில் விரிவாக எழுதியிருக்கிறேன்.

கட்டளைகளையும் பட்டன் பெயர்களையும் ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கட்டளைகளைத் தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்து. பெயருக்கு நடுவில் வரும் டாட் என்பது புள்ளி.

படி 1: இயந்திரத்தைப் பாருங்கள்

முதல் கேள்வி, பிராசசர் 64 பிட்டா? விண்டோஸ் இருந்தால் சிஸ்டம் தகவல் பக்கத்தில் "சிஸ்டம் டைப்" வரியைப் பாருங்கள். "32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பிராசசர்" என்று இருந்தால் போட்டிருக்கும் விண்டோஸ்தான் 32 பிட், பிராசசர் 64 பிட். அந்த வரியின் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு 32 பிட் லினக்ஸைத் தேடிப் போகிறவர்கள் நிறைய. கோர் 2 டுயோ எல்லாமே 64 பிட். முதல் தலைமுறை நெட்புக்குகளில் வந்த ஆட்டம் என்270 போன்றவை உண்மையிலேயே 32 பிட்.

64 பிட் என்றால் டெபியன் 13. அது 2025 ஆகஸ்டில் வந்தது. 32 பிட் கணினிகளுக்கு அதில் நிறுவியும் இல்லை, கெர்னலும் (சிஸ்டத்தின் மையக் கரு) இல்லை. 32 பிட் பிராசசர் என்றால் டெபியன் 12, அல்லது ஆன்டிஎக்ஸ் 23 என்ற மிக லேசான லினக்ஸ். ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்: குரோம் 32 பிட் லினக்ஸை 2016-லேயே கைவிட்டது. ஃபயர்பாக்ஸும் 144-ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது. ஆகவே 32 பிட் இயந்திரத்தை இணையத்துக்கு நம்ப வேண்டாம். எழுத, பாட்டுக் கேட்க, கோப்பு சேமித்து வைக்கப் பயன்படுத்துங்கள். 1 ஜிபி ரேம்தான் இருக்கிறது, 32 பிட் சிஸ்டம் கொஞ்சம் குறைவாக எடுக்குமே என்று 64 பிட் பிராசசரில் 32 பிட் போடாதீர்கள். மிச்சமாகும் நினைவகத்தைவிட பிரவுசர் கிடைக்காமல் போவது பெரிய நஷ்டம்.

அடுத்து டிஸ்க்கின் உடல்நிலை. லைவ் பென் டிரைவிலிருந்து (நிறுவாமலே ஓடும் லினக்ஸ்; படி 3-இல் எழுதும் நிறுவி அல்ல) "டிஸ்க்ஸ்" செயலியைத் திறந்து, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பாருங்கள். "கரன்ட் பெண்டிங் செக்டார்" (படிக்கத் திணறும் பகுதிகள்) எண்ணிக்கை 0-க்கு மேல் இருந்தால் அந்த டிஸ்க்கில் எதையும் நிறுவாதீர்கள். "ரீஅலொகேட்டட் செக்டார்" (கெட்டுப்போய் மாற்றிடம் பெற்ற பகுதிகள்) ஓரிரண்டு இருந்து ஏறாமல் நின்றால் பரவாயில்லை. வாரத்துக்கு வாரம் ஏறினால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது.

கையில் கொஞ்சம் பணம் இருந்தால் எதற்குச் செலவிடுவது? முதலில் எஸ்எஸ்டி, பிறகு ரேம். பழைய போர்டில் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா வேகம் குறைவு, எஸ்எஸ்டி வீண் என்பார்கள். தொடர்ந்து படிக்கும் வேகம்தான் அங்கே மட்டுப்படுகிறது. டிஸ்க்கில் அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை எட்டும் நேரம்தான் கணினி சுறுசுறுப்பாகத் தெரிவதற்குக் காரணம், அதில் எஸ்எஸ்டி எந்தப் போர்டிலும் பல மடங்கு முன்னே நிற்கும். பயாஸில் சாட்டா முறை "ஐடிஇ" என்று இருந்தால் நிறுவும் முன் "ஏஹெச்சிஐ" ஆக்குங்கள். ரேம் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: 1.35 வோல்ட் டிடிஆர்3எல் குச்சி 1.5 வோல்ட் இடத்திலும் பொதுவாக ஓடும். 1.35 மட்டுமே ஏற்கும் மடிக்கணினியில் சாதாரண 1.5 வோல்ட் டிடிஆர்3 ஓடாது.

படி 2: எந்த டெஸ்க்டாப்

2 ஜிபி அல்லது அதற்கு மேல் என்றால் என் தேர்வு எக்ஸ்எஃப்சிஇ. எல்எக்ஸ்கியூடி என்ற இன்னொரு லேசான டெஸ்க்டாப் அதைவிடக் கொஞ்சம் குறைவாக எடுக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பிரவுசரில் ஒரே ஒரு கனமான தாவல் திறந்தால் அந்த மிச்சம் போய்விடும். புதிதாக வருகிறவருக்கு எக்ஸ்எஃப்சிஇ-யில் எல்லா அமைப்புகளும் ஒரே சாளரத்தில் கிடைப்பது அதைவிட முக்கியம். 1 ஜிபி-யோ அதற்கும் கீழோ என்றால் பேச்சே வேண்டாம், ஐஸ்டபிள்யூஎம் என்ற மிக லேசான சாளர நிர்வாகியுடன் வரும் ஆன்டிஎக்ஸ்.

உபுண்டு வகையைச் சேர்ந்த லுபுண்டு நல்ல வழங்கல்தான். ஆனால் உபுண்டு வகையில் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் பொதியாக (தனக்கு வேண்டியதையெல்லாம் சேர்த்துச் சுருக்கிய கட்டு) வருகிறது. சுழல் டிஸ்க்கில் அது முதல்முறை திறக்க எடுக்கும் நேரம் பொறுமையைச் சோதிக்கும். டெபியனில் அந்தத் தொல்லை இல்லை.

படி 3: பென் டிரைவ்

டெபியன் தளத்தில் "நெட்இன்ஸ்ட்" கோப்பை (மீதியை இணையத்திலிருந்து இறக்கும் சிறிய நிறுவி) எடுங்கள். விண்டோஸில் ரூஃபஸ் என்ற செயலி கொண்டு அதைப் பென் டிரைவில் எழுதும்போது ஐஎஸ்ஓ முறையா, டிடி முறையா என்று கேட்டால் டிடி. எழுதியபின் விண்டோஸ் அந்தப் பென் டிரைவை அடையாளம் தெரியாததுபோலக் காட்டி ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பழைய பயாஸில் பூட் வரிசையைத் திறந்தால் பென் டிரைவின் பெயரே இல்லாததுபோல் தோன்றலாம். பல போர்டுகள் அதை "ரிமூவபிள்" பட்டியலில் வைக்காமல் "ஹார்டு டிஸ்க் டிரைவ்ஸ்" என்ற உட்பட்டியலில், உள் டிஸ்க்குக்குக் கீழே வைத்திருக்கும். உள்ளே போய் மேலே ஏற்றுங்கள். நீல நிற யுஎஸ்பி 3 துளையைத் தவிர்த்து யுஎஸ்பி 2 துளையில் செருகுங்கள்.

பூட் ஆகித் திரை கறுத்து நின்றால், பூட் மெனுவில் "இ" விசையை அழுத்தி, "லினக்ஸ்" என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு "நோமோட்செட்" என்று சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். பழைய பயாஸ் முறையில் நிறுவியின் மெனு வந்தால் "இ"-க்குப் பதில் டேப் விசை, எஃப்10-க்குப் பதில் என்டர். இது ஒருமுறைக்கான வைத்தியம். நிறுவிய பிறகும் நிரந்தரமாக வைத்திருந்தால் கிராபிக்ஸ் டிரைவர் வேலை செய்யாது, எல்லாப் பாரமும் பிராசசர் தலையில் விழும்.

படி 4: நிறுவும்போது கவனிக்க வேண்டிய நான்கு திரைகள்

மற்றத் திரைகளில் அது சொல்வதை ஏற்றுக்கொண்டு போகலாம்.

வைஃபை: டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் (வைஃபை சிப் ஓடத் தேவையான மென்பொருள்) நிறுவியிலேயே சேர்ந்து வருகிறது. பழைய பிராட்காம் சிப்புகள் சில மட்டும் இதில் அடங்காது. லேன் கேபிள் போட்டுவிடுங்கள், அல்லது போனை யுஎஸ்பி டெதரிங்கில் வையுங்கள்.

ரூட் (நிர்வாகிக் கணக்கு) கடவுச்சொல்: காலியாக விடுங்கள். அப்படி விட்டால்தான் உங்கள் கணக்குக்கு "சூடோ" அதிகாரம், அதாவது நிர்வாகியாகக் கட்டளை கொடுக்கும் உரிமை, தானாகக் கிடைக்கும். ஏதாவது நிரப்பிவிட்டால் பிறகு ஒவ்வொரு சூடோ கட்டளைக்கும் "நீங்கள் சூடோயர்ஸ் கோப்பில் இல்லை" என்ற பதில்தான் வரும்.

டெஸ்க்டாப் தேர்வு: "டெபியன் டெஸ்க்டாப் என்விரான்மென்ட்", "க்னோம்" இரண்டும் முன்கூட்டியே டிக் ஆகியிருக்கும். க்னோமை எடுத்துவிட்டு எக்ஸ்எஃப்சிஇ-க்கு டிக் போடுங்கள். க்னோமை எடுக்க மறந்தால் இரண்டும் வந்து உட்காரும். எக்ஸ்எஃப்சிஇ-யைத் தேர்ந்தெடுக்காமல் மேல் வரியை மட்டும் விட்டாலும் க்னோம்தான் வரும். எழுத்து வடிவ நிறுவியில் டிக் போட ஸ்பேஸ் பார். என்டர் தட்டினால் தேர்வை அப்படியே ஏற்று அடுத்த திரைக்குப் போய்விடும்.

கிரப்: பழைய பயாஸ் கணினியில் பூட் லோடரை எந்த டிஸ்க்கில் எழுதட்டும் என்று கேட்கும். எஸ்டிஏ என்றால் உள் டிஸ்க் என்று கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்காதீர்கள். சில கணினிகளில் பென் டிரைவ் எஸ்டிஏ ஆகி, உள் டிஸ்க் எஸ்டிபி ஆகிவிடும். அப்போது பென் டிரைவ் செருகியிருந்தால் மட்டும் கணினி பூட் ஆகும், உருவினால் ஆகாது. பெயரோடு வரும் தயாரிப்பு விவரத்தைப் படித்துத் தேர்ந்தெடுங்கள்.

டிஸ்க்கைப் பிரிக்கும்போது அது தானாக உருவாக்கும் ஸ்வாப் பகுதியை (ரேம் நிரம்பினால் தரவை ஒதுக்கி வைக்கும் இடம்) அழிக்க வேண்டாம். கீழே பயன்படும்.

படி 5: டெஸ்க்டாப்பை இளைக்க வைப்பது

இது சீக்கிரம் முடிகிற வேலை. அமைப்புகளில் "விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ்", அதில் "கம்பாசிட்டர்", டிக்கை எடுங்கள். நிழல், ஒளிபுகும் தன்மை போகும். பழைய கிராபிக்ஸ் சிப் நிம்மதியாகும். வீடியோவில் குறுக்குக் கோடு கிழிவதுபோல் தெரிந்தால் மட்டும் திரும்பப் போடுங்கள். "செஷன் அண்ட் ஸ்டார்ட்அப்" பகுதியில் புளூடூத், பிரின்டர் அறிவிப்பு போன்று உங்களுக்குத் தேவையில்லாதவற்றை நிறுத்துங்கள்.

ப்ரீலோட் போடு, நோஏடைம் மாற்று, தினமும் கேஷைத் துடை என்கிற பழைய அறிவுரைகளை விட்டுவிடுங்கள். ப்ரீலோட் இருக்கிற கொஞ்ச ரேமையும் தின்னும். கேஷ் என்பது சும்மா கிடக்கும் ரேமைக் கெர்னல் பயன்படுத்துவது. துடைத்தால் அதே கோப்பை மறுபடி டிஸ்க்கிலிருந்து படிக்க வேண்டிவரும்.

படி 6: இசட்ரேம், ஸ்வாப்பினெஸ்

இசட்ரேம் என்பது ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப். பயன்படாமல் கிடக்கும் தரவை டிஸ்க்குக்கு அனுப்பாமல், சுருக்கி ரேமிலேயே ஒரு ஓரமாக வைக்கும். சாதாரணமாக இரண்டு மூன்று மடங்கு சுருங்கும். சுருக்கி விரிக்கப் பிராசசர் கொஞ்சம் உழைக்க வேண்டும், ஆனால் சுழல் டிஸ்க்கைத் தேடிப் போவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

பொதிகளை நிறுவ உதவும் சினாப்டிக் செயலியைத் திறந்து "இசட்ரேம்-டூல்ஸ்" பொதியை நிறுவுங்கள். ஈடிசி கோப்புறைக்குள் டிஃபால்ட், அதற்குள் இசட்ரேம்ஸ்வாப் என்ற கோப்பு. அதை டெர்மினலில் சூடோ நானோ கொண்டு திறங்கள் (நானோ என்பது கோப்பைத் திருத்தும் செயலி). "ஆல்கோ" வரியில் எல்இசட்4 என்ற சுருக்கும் முறையை வையுங்கள். இசட்எஸ்டிடி இன்னும் நன்றாகச் சுருக்கும், ஆனால் பழைய பிராசசரில் எல்இசட்4-தான் தாமதமில்லாமல் ஓடும். "பெர்சன்ட்" வரியில் 2 ஜிபி-க்கு 50 போதும், 1 ஜிபி என்றால் 100. இரண்டு வரிகளின் தொடக்கத்திலும் உள்ள ஹாஷ் குறியை அழித்தீர்களா என்று பாருங்கள். அது இருக்கும்வரை அந்த வரி வெறும் குறிப்புதான். மறுதொடக்கம் செய்தபின் சூடோ இசட்ரேம்சிடிஎல் என்று தட்டினால் ஒரு வரி வர வேண்டும்.

100 என்றால் முழு ரேமையும் அது விழுங்கிவிடும் என்று பயப்பட வேண்டாம். அந்த அளவு சுருக்குவதற்கு முந்தைய தரவின் உச்சவரம்பு. உள்ளே எதுவும் இல்லாதபோது அது ரேமை ஏறக்குறைய எடுப்பதே இல்லை. நிறுவி உருவாக்கிய டிஸ்க் ஸ்வாப்பும் அப்படியே இருக்கட்டும். முன்னுரிமை இசட்ரேமுக்கே இருப்பதால் அது நிரம்பிய பிறகுதான் டிஸ்க் பக்கம் போகும்.

இப்போது ஸ்வாப்பினெஸ், அதாவது கெர்னல் ஸ்வாப்பை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் எண். இயல்பாக 60 இருக்கும். "10 ஆக்குங்கள்" என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். ஸ்வாப் சுழல் டிஸ்க்கில் மட்டும் இருந்த காலத்துக்கு அது சரி. இசட்ரேம் வைத்துக்கொண்டு 10 போட்டால் காரியம் தலைகீழாகும். எண் குறைவாக இருந்தால், கெர்னல் சும்மா கிடக்கும் தரவைச் சுருக்கி வைக்கத் தயங்கி, அதற்குப் பதிலாகக் கோப்புக் கேஷைத் தூக்கி எறியும். ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளின் நிரல் பக்கங்களும் அந்தக் கேஷில்தான் இருக்கின்றன. அடுத்த சொடுக்கில் அதே பக்கங்களை டிஸ்க்கிலிருந்து திரும்பப் படிக்க வேண்டும். எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதே திணறல். ஆகவே இசட்ரேம் இருந்தால் 100 அல்லது அதற்கு மேல் வையுங்கள். கெர்னல் 5.8 முதல் 200 வரை ஏற்கும்.

எங்கே எழுதுவது என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய விளக்கங்கள் ஈடிசி-யில் உள்ள சிஸ்சிடிஎல் டாட் கான்ஃப் கோப்பைச் சொல்லும். டெபியன் 13 அந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை. பிழைச் செய்தியும் வராது, மாற்றமும் வராது. சிஸ்சிடிஎல் டாட் டி என்ற கோப்புறைக்குள் டாட் கான்ஃப் என்று முடியும் பெயரில் ஒரு புதுக் கோப்பை உருவாக்கி, "விஎம் டாட் ஸ்வாப்பினெஸ் = 100" என்ற ஒரே வரியை எழுதுங்கள்.

கடைசியாக "எர்லிஊம்" பொதியையும் நிறுவுங்கள். ரேம், ஸ்வாப் இரண்டிலும் மிச்சம் 10 சதவீதத்துக்குக் கீழே போனதும் அதிகம் தின்னும் செயலியை அது மூடிவிடும். ஒரு பிரவுசர் தாவல் போவது, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைவிட எவ்வளவோ மேல்.

படி 7: பிரவுசர்

ஃபயர்பாக்ஸ் ஈஎஸ்ஆர், அதில் யுபிளாக் ஆரிஜின். விளம்பரம் போனால் ரேமும் பிராசசரும் சேர்ந்தே மிச்சமாகும். பழைய சிப்பால் விபி9, ஏவி1 வீடியோவை வன்பொருளில் விரிக்க முடியாது. எச்264-ஐ மட்டும் கேட்டு வாங்கும் நீட்சி ஒன்றைச் சேர்த்து, 480பி தெளிவில் பாருங்கள். தாவல்கள் பெருகிவிட்டால் முகவரிப் பட்டியில் "அபவுட்:அன்லோட்ஸ்" என்று தட்டி, வரும் பக்கத்தில் உள்ள பட்டனை அழுத்துங்கள். ஒவ்வோர் அழுத்தத்துக்கும், நெடுநேரம் பார்க்காத தாவல் ஒன்று நினைவகத்திலிருந்து இறங்கும்; தாவல் மூடாது.

பின்சேர்க்கை 1: நிறுவி முடித்தபின் எந்தத் தளமும் திறக்காமல் சான்றிதழ் பிழை, அப்டேட் செய்தால் "ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை" என்ற செய்தி. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் தேதியைப் பாருங்கள். போர்டில் உள்ள பேட்டரி தீர்ந்து கணினி பல ஆண்டுகள் பின்னால் இருக்கும். பெரும்பாலும் சிஆர்2032 நாணய பேட்டரிதான், மாற்றினால் சரியாகிவிடும்.

பின்சேர்க்கை 2: டெபியன் 13-இல் தற்காலிகக் கோப்புகளுக்கான டிஎம்பி கோப்புறை இயல்பாக ரேமில் இருக்கிறது, ரேமில் பாதி வரை வளரலாம். 2 ஜிபி கணினியில் பெரிய சுருக்கக் கோப்பை விரித்தாலோ வீடியோவை மாற்றினாலோ திடீரென நினைவகம் தீர்ந்துபோவதற்கு இதுவும் காரணம். "சூடோ சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் டிஎம்பி டாட் மவுண்ட்" என்று கொடுத்து மறுதொடக்கம் செய்தால் பழையபடி டிஸ்க்குக்குப் போய்விடும். கட்டளையில் டாட் என்பது புள்ளி, அதன் இருபுறமும் இடைவெளி விடக் கூடாது.