மழை இல்லாமலே ஏறிய மண் ஈரம்: எண்ணூரில் என் அனுபவம்

எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய தரிசில், 2 மீட்டர் கம்பத்தில் ஜிபிஎஸ் ஆன்டெனா. தரையில் பட்டுத் தெறிக்கும் சிக்னல் நேரடி சிக்னலோடு கலந்து, சிக்னல் வலிமை அலைபோல ஏறி இறங்கும். அந்த அலையின் கட்டம் (phase, ஏற்ற இறக்கம் வரும் இடம்) நகர்வதிலிருந்து மேல்மண்ணின் ஈரத்தைக் கணிக்கலாம்.

மழையே இல்லை, ஈரம் மட்டும் ஏறியது. கேபிளை மாற்றினேன், பயனில்லை. ஜிபிஎஸ் அனுப்பும் எல்1 சிக்னலை விட்டு, வேறு அலைவரிசையில் வரும் எல்2சி சிக்னலை எடுத்தேன். வளைவு தெளிவானது, ஏற்றம் போகவில்லை. கன்டெய்னர் லாரிகளில் பட்டுத் தெறிக்கிறதோ என்று பார்த்தால், லாரி குறைந்த ஞாயிற்றுக்கிழமையும் அதே கதை.

துப்பு கிடைத்தது ஏற்றத்தின் இடைவெளியில். ஏறக்குறைய 14 நாளுக்கொரு முறை வந்தது. ஒரே செயற்கைக்கோள் தினமும் சுமார் 4 நிமிடம் முந்தி வரும். கடல் ஓதமோ (கடல் மட்டம் ஏறி இறங்குவது) தினமும் சுமார் 50 நிமிடம் பிந்தும். இரண்டும் மறுபடி ஒத்துப்போக 13.7 நாள் ஆகும். அதாவது ஆன்டெனா பார்த்தது மண்ணை அல்ல, ஓதத் தண்ணீரை!

கணக்குப் போட்டேன். செயற்கைக்கோள் அடிவானத்திலிருந்து 5 பாகை உயரத்தில் இருக்கும்போது, எல்1-க்குத் தரையில் தெறிக்கும் பரப்பு சுமார் 60 மீட்டர் வரை நீளும். தண்ணீர் 40 மீட்டரிலேயே இருந்தது. 10 பாகையில் 24 மீட்டரோடு நிற்கும். எல்2சி-க்குக் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். செயற்கைக்கோள் உயரத்தின் கீழ்வரம்பை 10 பாகையாக்கி, தண்ணீர்ப் பக்கத் திசையையும் வெட்டினேன். ஏற்றம் மறைந்தது. பெரிய நிம்மதி.

கடலோரத்தில் கம்பம் நடுபவர்கள் முதலில் இந்தத் தூரத்தை அளந்துவிடுங்கள்.