பிளேனர் பிளேட் சாணை பிடிக்கக் குடுக்க முந்தி

போன கிழமை ஒரு தம்பி போன் எடுத்து, "அண்ணை, பிளேனர் மரத்தைச் சீவுதில்லை, சுரண்டுது, புது பிளேட் வாங்கோணுமோ?" எண்டு கேட்டார். ஒண்டும் வாங்காதையும், முதல்லை கழட்டி மண்ணெண்ணெய்யிலை ஒரு இரவு ஊறப்போட்டுப் பாரும் எண்டன். மற்றநாள் திரும்ப எடுத்தார், ஆள் ஒரு கிழமையா வேப்பமரம் சீவியிருக்கிறார், பிசின் பிளேட்டின்ரை முதுகிலை தார் மாதிரி ஒட்டிக் கிடந்திருக்கு, அதைத் துடைச்சவுடனை மெசின் பழையபடி ஓடுது. கனபேர் பிசினைப் பாத்துப்போட்டு மழுங்கிப் போச்சு எண்டு நினைச்சுச் சாணைக்குக் கொண்டு போறவை, அங்கை தேவையில்லாமல் அரை மில்லிமீட்டர் உருக்கு தேஞ்சு போகும், காசும் போகும்.

அப்ப உண்மையா மழுங்கினதோ எண்டு எப்பிடிப் பாக்கிறது? கழுவித் துடைச்ச பிளேட்டை லைட்டுக்கு நேர, வாய், அதாவது வெட்டுற விளிம்பு, உங்களைப் பாக்கிற மாதிரிப் பிடியுங்கோ. கூரா இருந்தால் ஒண்டும் தெரியாது, மழுங்கியிருந்தால் வாய் நீட்டுக்கும் மெல்லிய வெள்ளைக் கோடு ஒண்டு மினுங்கும், பல்லு விழுந்த, அதாவது வாய் சின்னனா உடைஞ்ச, இடத்திலை ஒரு புள்ளி பளிச்செண்டு அடிக்கும். மெசினும் சொல்லும், சீவல் வாற இடத்திலை தூள் வரும், சத்தம் மாறும், மரம் கருகின மாதிரி மணக்கும், நீங்கள் தள்ளுறதுக்கு நெஞ்சைக் குடுக்க வேண்டி வரும். பனை சீவிறவைக்கு இன்னும் கெதியாத் தெரியும், கறுப்பு நார் வெட்டுப்படாமல் மயிர் மாதிரி எழும்பி நிக்கும், கையாலை தடவினால் சிராம்பு ஏறும்.

கழட்ட முந்தி கரண்ட் பிளக்கைப் புடுங்குங்கோ. சுவிட்சை நிப்பாட்டினது காணாது, பிளக்கைப் புடுங்கித் தள்ளி வையுங்கோ.

உங்களிட்டை இருக்கிறது என்ன சாதி பிளேட் எண்டு தெரிஞ்சு கொண்டு போறது முக்கியம். கைப்பிளேனர் எண்டால் அனேகமா 82 மில்லிமீட்டர் அகலம், இரண்டு பிளேட். ஒரு விரல் அகலத்துக்கும் கூட இருக்கிற தடிச்ச உருக்கு பிளேட் எண்டால் அது அனேகமா எச்எஸ்எஸ், அதாவது சூட்டுக்குக் கெதியா இளகாத ஹை ஸ்பீட் ஸ்டீல், திரும்பத் திரும்பத் தீட்டலாம். ஈர்க்கு மாதிரி மெல்லிசா, இரண்டு பக்கமும் கூரா இருக்கிறது அனேகமா கார்பைட், உருக்கை விட வைரமான ஒரு சாமான், அதை ஒரு பக்கம் மழுங்கினால் மற்றப் பக்கம் திருப்பிப் போட்டு, அதுவும் மழுங்கினால் எறியிறதுதான், சாணைக்குக் கொண்டு திரியாதேங்கோ. மேசை பிளேனருக்கும், பலகையை ஒரே தடிப்பாச் சீவுற திக்னசருக்கும் வாற நீட்டு பிளேட்டுகளிலை வாயிலை மட்டும் கார்பைட் ஒட்டினதும் இருக்கு. அதைத் தீட்ட டயமண்ட் கல்லு வேணும், சாதாரண கல்லிலை வைச்சால் கல்லுத்தான் தேயும்.

சரி, ஆரிட்டைக் குடுக்கிறது? இதிலைதான் நான் ஒருக்கா வடிவா அடி வாங்கினனான். கத்தி, கத்தரிக்கோல் எல்லாம் சாணை பிடிக்கிற ஒரு இடத்திலை மேசை பிளேனரின்ரை மூண்டு பிளேட்டையும் குடுத்தன், அரை மணித்தியாலத்திலை முடிச்சுத் தந்திச்சினம், எனக்குச் சரியான சந்தோசம். வீட்டை கொண்டு வந்து இரும்பு ஸ்கேலிலை வாயை வைச்சுப் பாத்தால் நடுவிலை பள்ளம், ஸ்கேலுக்கும் பிளேட்டுக்கும் இடையாலை வெளிச்சம் போகுது, ஓரத்திலை இரண்டு அங்குலம் நீலமாப் போயிருக்கு. கையாலை பிடிச்சு வட்டக் கல்லிலை தேய்ச்சால் உப்பிடித்தான் வரும், அவையிலை பிழை சொல்லேலாது, கத்திக்கு அது காணும். எங்கடை பிளேட்டுக்கு, அதைக் காந்தத்திலையோ சட்டத்திலையோ பூட்டி நேர்கோட்டிலை ஓட்டித் தீட்டுற மெசின் வேணும், தண்ணி ஊத்தி, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மயிரிழை அளவுதான் எடுக்கோணும். லேத் பட்டறையளிலை சேர்பேஸ் கிரைண்டர் எண்ட, இரும்பைத் தட்டையாத் தேய்க்கிற மெசின் இருந்தால் அவையாலை செய்யேலும், மரக்காலை வைச்சிருக்கிறவை தங்கடை பிளேட்டை எங்கை குடுக்கினம் எண்டு விசாரிச்சால் கெதியா ஆள் பிடிபடும். ஒருத்தரும் கிடைக்காட்டி தளபாடத்துக்குப் பேர் போன மொறட்டுவைப் பக்கம் ஆரும் தெரிஞ்சாக்கள் இருந்தால் பஸ்ஸிலை பார்சல் போட்டு எடுப்பிக்கலாம், நாலைஞ்சு நாள் போகும், ஆனால் பிளேட் பிளேட்டா வரும்.

நீலம் போனதைப் பற்றி ஒரு சொல்லு. சாதாரண உருக்கு 300 பாகை செல்சியஸ் பக்கம் சூடாகேக்கை நீலம் பிடிக்கும், அதோடை அதின்ரை வைரம் போச்சு, பிறகு எவ்வளவு தீட்டினாலும் நிண்டு பிடிக்காது. எச்எஸ்எஸ் உந்தச் சூட்டுக்கு மசியாது, அது இளகிறதுக்கு 550, 600 பாகை வேணும், ஆனால் சுடச்சுட இருக்கிற பிளேட்டைப் பொசுக்கெண்டு தண்ணிக்குள்ளை தோய்ச்சால் வாயிலை கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும், பேந்து முதல் கணுவிலையே பல்லுக் கழரும்.

குடுக்கேக்கை வாயாலை சொல்லாமல் துண்டிலை எழுதிக் குடுங்கோ. ஒரு செட்டிலை இருக்கிற எல்லா பிளேட்டையும் ஒண்டாப் பூட்டித் தீட்டச் சொல்லுங்கோ, ஒண்டு நல்லாக் கிடக்குத்தானே எண்டு மற்றதை மட்டும் குடுக்கிற வேலை வேண்டாம், அகலம் மாறினால் நிறை மாறும், நிமிசத்துக்கு ஆயிரக்கணக்கிலை சுத்திற, பிளேட் பூட்டுற தலையிலை ஒரு பக்கம் பாரம் கூடினால் மெசின் நடுங்கும், பெயரிங் போகும். பழைய சரிவு எவ்வளவோ அதே சரிவிலை தீட்டச் சொல்லுங்கோ, அனேகமா 35இலை இருந்து 45 பாகைக்குள்ளை கிடக்கும். பெரிய பல்லு விழுந்திருந்தால் அந்த இடத்தை மார்க்கராலை குறிச்சு விடுங்கோ. கொண்டு போகேக்கை ஒவ்வொண்டையும் தனித்தனியாப் பேப்பரிலை சுத்தி, இரண்டு பிளைவூட் துண்டுக்கு நடுவிலை வைச்சுக் கட்டுங்கோ, பையுக்குள்ளை ஒண்டோடை ஒண்டு முட்டினால் அங்கை போய்ச் சேரவே பல்லு விழுந்திடும்.

திரும்பி வந்தவுடனை பூட்டிப்போடாதேங்கோ. ஸ்கேல் வைச்சு நேர் பாருங்கோ, கலிப்பரிலை இரண்டு அந்தத்திலையும் அகலம் அளவுங்கோ, சமையலறை டிஜிட்டல் தராசிலை ஒவ்வொண்டா வைச்சு நிறையும் பாருங்கோ. எனக்கு ஒருக்கா நகைக்கடையிலை வேலை செய்யிற மச்சான் நிறுத்துத் தந்தவர், மூண்டு பிளேட்டும் பவுண் மாதிரி பஞ்சுத்துணியிலை போச்சுது. பிறகு முதுகுப் பக்கத்தை நல்ல தீட்டுக்கல்லிலை பட்டையா வைச்சு நாலைஞ்சு தரம் இழுத்துப் பிசிறை எடுங்கோ. பிசிறோடை பூட்டினால் அரை மணித்தியாலம் நல்லா ஓடும், அது உடைஞ்சு விழ பிறகு பழைய குருடி.

இனிப் பூட்டுறது. நல்லாத் தீட்டின பிளேட்டையும் பிழையாப் பூட்டினால் தீட்டாத மாதிரித்தான். மேசை பிளேனர் எண்டால் ஒரு நேரான மரச்சட்டத்தை, மரம் சீவுப்பட்டு வெளியை வாற பக்க மேசையிலை வைச்சு, முனை தலைக்கு மேலாலை நீட்டிக்கொண்டிருக்க விடுங்கோ. மேசை விளிம்பு சட்டத்திலை எங்கை வருதோ அங்கை பென்சிலாலை ஒரு கோடு கீறுங்கோ. தலையைக் கையாலை மெல்லமாச் சுத்த பிளேட் சட்டத்தைத் தொட்டு ஒரு தூரம் இழுத்துக்கொண்டு போய் விடும், நிண்ட இடத்திலை திரும்ப ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கும் இடையிலை ஒரு நூல், அதாவது 3 மில்லிமீட்டர் மட்டிலை வந்தால் நல்லது. அதே தூரம் ஒவ்வொரு பிளேட்டுக்கும் இடது, நடு, வலது மூண்டு இடத்திலையும் வரோணும், ஒண்டிலை இரண்டு நூல், ஒண்டிலை அரை நூல் எண்டால் ஒரு பிளேட்தான் வேலை செய்யுது, மற்றது சும்மா சுத்துது. போல்ட்டுகளை ஒரேயடியா இறுக்காமல் எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கிக்கொண்டு வாங்கோ, இறுக்கேக்கை பிளேட் எழும்பும், அதாலை இறுக்கி முடிச்சாப் பிறகும் ஒருக்கா சட்டத்தை வைச்சுப் பாக்கோணும்.

சீவிப் பாக்கேக்கை பலகையின்ரை கடைசியிலை பள்ளம் விழுந்தால் வெளிமேசை பதிவு, மரம் வந்து மேசை விளிம்பிலை முட்டினால் மேசை உயரம், அவ்வளவுதான். பலகை நீட்டுக்கும் மெல்லிசா ஒரு கோடு எழும்பினால் பல்லு விழுந்திருக்கு எண்டு அர்த்தம், திரும்பக் கழட்டிச் சாணைக்கு ஓடாமல் ஒரு பிளேட்டை மட்டும் ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டிலை நகத்திப் பூட்டினால் மற்றது அந்தக் கோட்டைச் சீவிக்கொண்டு போகும்.

எங்கடை ஊர் மரத்துக்கு ஒரு விசயம் தனியா. முதிரை, பாலை மாதிரி வைரம் பாய்ஞ்ச, நார் குறுக்கும் மறுக்குமா ஓடுற மரம் சீவேக்கை பிளேட் என்ன கூரா இருந்தாலும் சில இடம் பிய்யும், அது சாணைக்காரன்ரை பிழை இல்லை, ஆழத்தைக் குறைச்சு மெதுவாத் தள்ளுங்கோ. பழைய வீட்டு நிலை, வளை, இல்லாட்டி சண்டை நடந்த இடங்களிலை தறிச்ச மரம் எண்டால் ஆணி மட்டுமில்லை, வெடிச்ச செல்லின்ரை (எறிகணை) துண்டும் உள்ளுக்குக் கிடக்கும். காந்தம் மேலாலை கிடக்கிற இரும்பைத்தான் காட்டும், துவக்குச் சன்னத்தின்ரை ஈயத்தையும் பித்தளையையும் காட்டாது. நான் ஒரு பனங்குத்தி சீவேக்கை டங் எண்டொரு சத்தம், நிப்பாட்டிப் பாத்தால் மூண்டு பிளேட்டிலையும் ஒரே நேர்கோட்டிலை பல்லு, மரத்துக்குள்ளை சின்னவிரல் நகமளவு கறுத்த இரும்பு. இப்ப மெற்றல் டிடெக்டர் ஒண்டு வைச்சிருக்கிறன். வைச்சிருக்காதவை அந்த மரத்தை மட்டுமெண்டாலும் பழைய பிளேட்டைப் பூட்டிச் சீவுங்கோ, சாணையாலை வந்த புதுசைப் பேப்பரோடை பெட்டிக்குள்ளை விடுங்கோ.