திரவ உலோக உணரியில் அறுந்த தொடர்பு

விரல் மடிவதை அளப்பதற்காக, நிறையளவில் 75 சதவீதம் காலியமும் 25 சதவீதம் இண்டியமும் கலந்த திரவ உலோகத்தைச் சிலிக்கோன் ரப்பருக்குள் செலுத்தி, திருகோணமலையில் வீட்டிலிருந்தே நான் செய்த உணரி, மறுநாளே மின் தொடர்பை இழந்தது. குமிழி புகுந்திருக்கும் என்று எண்ணி மூன்று முறை மீண்டும் நிரப்பினேன், மல்டிமீட்டரையும் சந்தேகித்தேன்.

ஐந்தாம் நாள் உருப்பெருக்கியில் பார்த்தபோதுதான், இணைப்புக்கு வைத்த அலுமினியத் தாளின் ஓரம், தொட்டால் உதிரும் சாம்பல் நிறப் பொடியாகியிருப்பது தெரிந்தது. அலுமினியத்தை மூடிக் காக்கும் மெல்லிய ஆக்சைடுப் படலத்தில் சிறு கீறல் இருந்தாலே காலியம் உள்ளே ஊடுருவும். எஞ்சியதைக் கடற்கரை ஈரக்காற்று முடித்துவிடும். செம்பும் மெல்ல மெல்லக் காலியத்துடன் சேர்மமாகும் என்பதால், துருப்பிடிக்காத எஃகு ஊசியைச் செருகி, சுற்றிலும் சிலிக்கோன் பூசி, 24 மணி நேரம் காயவிட்டேன். இரண்டு வாரமாக மடக்கி நீட்டியும் தொடர்பு அறவில்லை; அப்பாடா!