உட்காரும்போதும் இறுக்காத இடுப்புப் பட்டை: பாவாடை தைக்கும் முறை

தையற்கடையில் அளவு கொடுக்கும்போது நாம் அனைவரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. நிமிர்ந்து நின்று, வயிற்றைச் சற்று உள்ளிழுத்துக்கொண்டு, டேப் காட்டும் எண்ணைத் தலையசைத்து ஏற்றுக்கொள்கிறோம். அந்த எண் உண்மைதான். ஆனால் அது ஒரு நாளின் ஒரு நிமிடத்துக்கு மட்டுமே உரிய உண்மை. அதே பெண் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் இடுப்பு இரண்டு அங்குலம்கூட விரியும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் இன்னும் சிறிது விரியும். மாதவிடாய் நாட்களில் வயிறு உப்பியிருக்கும். பிள்ளை பெற்ற பின்னுள்ள மாதங்களில் வாரத்துக்கு வாரம் மாறும். ஆகவே பாவாடையின் இடுப்பை ஓர் எண்ணாகக் கருதாமல் ஓர் எல்லையாக, அதாவது 'இதிலிருந்து இதுவரை' என்று கருதி வடிவமைக்க வேண்டும். இங்கே விளக்கப்படும் நீளப் பாவாடை அந்தக் கணக்கின்படி அமைந்தது. அதன் முன்பக்கப் பட்டை தட்டையாக இருக்கும். பின்பக்கத்தில் துளை எலாஸ்டிக் ஓடும். அந்தத் துளைகளை மாட்டுவதற்கு இரு பக்கமும் உட்புறத்தில் பட்டன் இருக்கும்.

முதலில் அளவு. மெல்லிய உடை மீது, தொப்புளுக்குச் சற்றுக் கீழே பாவாடை எங்கே நிற்க வேண்டுமோ அங்கே ஒரு நாடாவைக் கட்டிக்கொள்ளுங்கள். நின்றபடி ஒருமுறை, நாற்காலியில் உட்கார்ந்து ஒருமுறை, சம்மணமிட்டு ஒருமுறை அளந்து மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். டேப்புக்கும் உடலுக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும். பின்பு இடுப்புக்குக் கீழே, பின்புறம் அதிகம் பருத்திருக்கும் இடத்தின் சுற்றளவை எடுங்கள். பலர் சோம்பலால் விட்டுவிடுவது இந்தக் கடைசி அளவைத்தான். ஆனால் ஜிப்போ திறப்போ இல்லாத பாவாடை தலை வழியாகவோ கால் வழியாகவோ ஏறுமா என்பதைத் தீர்மானிப்பதும் இதுதான்.

ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். நின்றால் 32 அங்குலம், சம்மணமிட்டால் 34, பின்புறச் சுற்று 40. இவருக்கு 30 முதல் 36 வரை இசைந்து கொடுக்கும் பட்டை தேவை. முன்பட்டை 15 அங்குலம் என்று வைக்கிறோம். இது மிகச் சிறிய இடுப்பளவான 30இல் சரிபாதி. முன்பட்டை இதைவிட நீளமானால் இறுக்கும்போது சுருக்கங்கள் எல்லாம் முதுகின் நடுவில் குவிந்து துருத்தும். குறைந்தால் வயிற்றின் ஓரங்களில் சுருக்கம் தெரியும். பாவாடை முழுதாக விரியும்போது பட்டை 41 அங்குலமாவது இருக்க வேண்டும், அதாவது பின்புறச் சுற்றைவிட ஓர் அங்குலம் கூடுதல். எனவே பின்பட்டை 26 அங்குலம். இந்த 26ஐ எலாஸ்டிக் 15 முதல் 21 வரை சுருக்கித் தரும். மெல்லிய பருத்தித் துணிக்கு இந்தச் சுருக்கம் அழகாகவே இருக்கும். தடித்த கைத்தறியிலும் டெனிமிலும் அவ்வளவு சுருக்கம் முடிச்சு முடிச்சாகத் தெரியும். அத்தகைய துணிக்கு இடப் பக்கத்தில் ஜிப் வைத்து, முழுப் பட்டையையும் 37 அங்குலத்தோடு நிறுத்தி, எலாஸ்டிக்கின் இட முனையைத் தைத்துவிட்டு வல முனையை மட்டும் பட்டனுக்கு விடுவதே நல்லது.

துணி 44 அங்குல அகலம் என்றால், முடிந்த நீளம் 36 அங்குலம் உள்ள பாவாடைக்கு 2¼ மீட்டர் போதும். பருத்தியாயின் வெட்டுவதற்கு முன் ஓரிரவு நீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். முதல் சலவையில் சுருங்கப்போவது இப்போதே சுருங்கிவிடட்டும். நாடா ஏதேனும் பயன்படுத்துவதானால் அதையும் அதே வாளியில் போடுங்கள். துணி சுருங்காமல் நாடா மட்டும் சுருங்கினால் பட்டை முழுவதும் புழுவைப் போல நெளிந்து நிற்கும்.

முன் பீஸின் மேல் அகலம் 21 அங்குலம், கீழ் அகலம் 30. பின் பீஸின் மேல் அகலம் 26, கீழ் அகலம் 34. இருபுறமும் தையலுக்கு அரை அரை அங்குலம் சேர்த்து வெட்டுங்கள். கீழே மொத்தம் 64 அங்குலம் கிடைப்பதால் படியேறும்போது கால் தடுக்காது. பக்கக் கோடு சாய்வாக வருவதால் ஓரத்தில் சற்று நீண்டுவிடும். அங்கே கால் அங்குலம் மேலேற்றி வளைத்து வெட்டினால் கீழ் விளிம்பு சமமாகத் தொங்கும். பின் பீஸின் மேல் விளிம்பை நடுவில் அரை அங்குலம் உயர்த்தி, பக்கங்களை நோக்கி மெல்ல இறக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் பின்புறம் துணியை எடுத்துக்கொண்டு, பாவாடை பின்னால் தூக்கியும் முன்னால் தாழ்ந்தும் நிற்கும். வயிறு முன்தள்ளியவர்களுக்கு இந்த அரை அங்குலத்தை முன் பீஸில் சேர்க்க வேண்டும்; இருவருக்கும் ஒரே காகித மாதிரியை வைத்துக்கொண்டு வெட்டுவதால்தான் பல பாவாடைகள் கோணலாகத் தெரிகின்றன.

பட்டைக்கு முன் துண்டு 16 அங்குல நீளம், 3 அங்குல அகலம். பின் துண்டு 27 அங்குல நீளம், அதே அகலம். இவற்றைத் துணியின் நீளவாக்கில், கரைக்கு இணையாக வெட்டுங்கள். குறுக்குவாக்கில் வெட்டிய பட்டை நாளாக நாளாக இளகிவிடும். பீஸ்களை வெட்டியபின் பக்கத்தில் மிஞ்சும் பட்டையான துணியிலேயே இவை கிடைத்துவிடும். கவனமாக அடுக்கினால் ஒரு பாக்கெட்டுக்கும் இடமிருக்கும். முன் துண்டுக்கு மட்டும் மெல்லிய ஒட்டுக் கேன்வாஸ் (இஸ்திரி சூட்டில் ஒட்டும் விறைப்புத் துணி) வையுங்கள். பின் துண்டுக்குக் கேன்வாஸ் கூடாது. அது சுருங்கியாக வேண்டும்.

எலாஸ்டிக் வாங்குவதில்தான் என் பொறுமை பலமுறை சோதிக்கப்பட்டிருக்கிறது. கடையில் 'எல்லாம் ஒன்றுதான்' என்பார்கள், ஒன்றல்ல. சடைபோலப் பின்னிய எலாஸ்டிக் இழுக்கும்போது அகலம் குறையும், அதனால் பட்டைக்குள் எளிதாக முறுக்கிக்கொள்ளும். நெய்த எலாஸ்டிக் அகலம் மாறாமல் நீளும். இடுப்புக்கு அதுவே ஏற்றது. நமக்கு வேண்டியது ¾ அங்குல அகலத்தில், நடுவே வரிசையாகத் துளைகள் உள்ள எலாஸ்டிக். பள்ளிச் சீருடைப் பாவாடைகளிலும் குழந்தைகளின் கால்சட்டைகளிலும் பார்த்திருப்பீர்கள். வாங்கும் இடத்திலேயே ஓர் அடி அளந்து இழுத்துப் பாருங்கள். 12 அங்குலம் தயக்கமின்றி 20ஐத் தாண்ட வேண்டும். விட்டதும் 12க்கே திரும்ப வேண்டும். 12½இல் நின்றால் அது கடையிலேயே கிழடாகிவிட்ட சரக்கு.

இந்தப் பாவாடைக்கு 23 அங்குலம் வெட்டுங்கள். மிகத் தளர்வாக அணியும்போது பின்பட்டைக்குள் சுமார் 20 அங்குலம் இருக்கும். இருபுறமும் வெளியே வந்து பட்டனை எட்டுவதற்கு ஒவ்வோர் அங்குலம். முனைகளை மடித்துத் தைக்க அரை அரை அங்குலம். முனையை மடிக்காமல் விட்டால் நான்கே சலவையில் இழை பிரிந்து ரப்பர் எட்டிப்பார்க்கும்.

இனித் தையல். முன் பீஸின் மேல் விளிம்பில் நடுக்கோட்டிலிருந்து சமதூரத்தில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு மடிப்புகளை வையுங்கள். ஒவ்வொரு மடிப்பும் 1½ அங்குலத் துணியை எடுத்துக்கொள்ள, 21 அங்குலம் 15 ஆகும். மடிப்புகள் பக்கங்களை நோக்கித் திரும்பியிருந்தால் வயிறு தட்டையாகத் தெரியும். பின்பு பக்கத் தையல்களை அடித்து, இழை பிரியாதபடி விளிம்புகளை ஓவர்லாக் செய்துகொள்ளுங்கள்.

பட்டையின் இரு துண்டுகளையும் வட்டமாக இணைப்பதற்கு முன் முன்துண்டில் காஜா, அதாவது பட்டன் துளை, எடுத்துவிட வேண்டும். இணைத்து மடித்த பிறகு எடுக்க முடியாது. பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்தால் உடலை நோக்கியிருக்கும் பாதி எதுவோ, அதில் மட்டும், பக்கத் தையல் வரவேண்டிய கோட்டிலிருந்து அரை அங்குலம் தள்ளி, செங்குத்தாக ¾ அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான காஜா ஒன்று இட முனையிலும் ஒன்று வல முனையிலும் வரட்டும். கேன்வாஸ் வைத்த துண்டில் இருப்பதால் காஜா கிழியாது. தெருமுனையில் காஜா பட்டன் கடை இருந்தால் அங்கேயே கொடுத்துவிடலாம். ஆனால் எந்தப் பாதியில் எடுக்க வேண்டும் என்பதைச் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுக் காட்டிக் கொடுங்கள். குறி போடாமல் வாயால் சொல்லிக் கொடுத்தனுப்பி, வெளிப்பக்கத்தில் காஜா எடுத்து வந்த பட்டை ஒன்று இன்றும் என் துணிப் பெட்டியில் கிடக்கிறது.

இரு துண்டுகளையும் இணைத்தபின் அந்தத் தையலின் உள்விளிம்புகளைப் பிரித்து இருபுறமும் படுக்கும்படி இஸ்திரி போட்டு, ஓரங்களைப் பட்டையோடு இரண்டு கைத்தையல் போட்டுப் பிடித்துவிடுங்கள். சின்ன வேலைதான், ஆனால் பின்னால் எலாஸ்டிக்கை ஊக்கில் கோத்து உள்ளே தள்ளும்போது, ஊக்கின் தலை சரியாக இந்த விளிம்பில்தான் போய்ச் சிக்கும். முன்னேயும் போகாது, பின்னேயும் வராது. விரல் நுனியால் துணிக்கு மேலே தடவித் தடவி அரை மணி நேரம் போய்விடும்.

பட்டையின் ஒரு விளிம்பைப் பாவாடையோடு அரை அங்குலத்தில் தைத்து, மேலே மடித்து, மறு விளிம்பை உள்ளே மடக்கி முதல் தையல் மறையும்படி அடித்து முடியுங்கள். பட்டையின் உயரம் இப்போது ஓர் அங்குலம். மேல் மடிப்பிலிருந்து ⅛ அங்குலம் கீழே சுற்றிலும் ஒரு தையல் போட்டால் உள்வழி ⅞ அங்குலமாகக் குறையும். ¾ அங்குல எலாஸ்டிக்குக்கு இந்த அளவுதான் பொருத்தம். வழி இன்னும் அகலமானால் எலாஸ்டிக் புரண்டு கயிறாகி இடுப்பை அறுக்கும்; குறுகினால் துணி நகராது.

இட காஜாவில் நுழைத்து, பின்பட்டை முழுதும் ஓட்டி, வல காஜாவில் எலாஸ்டிக்கை வெளியே எடுங்கள். மறு முனை உள்ளே ஓடிவிடாமல் அதை முதலிலேயே ஒரு குண்டூசியால் பட்டையில் குத்திவைப்பது புத்திசாலித்தனம். காஜாவிலிருந்து ஓர் அங்குலம் முன்னே, உட்புறத்தில், தட்டையான பட்டன் ஒன்றை ஒவ்வொரு பக்கமும் தையுங்கள். கனமான பட்டன் வேண்டாம். அது எலும்பின் மேல் அமர்ந்து உறுத்தும். இறுக்க வேண்டுமானால் இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் துளைகளை உள்ளே நகர்த்துங்கள். ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் சுருக்கம் ஒருபுறம் சாயும். மிக இறுக்கமான நிலையில் எலாஸ்டிக் ஏறக்குறைய தன் முழு நீட்சிக்கும் போக வேண்டியிருப்பதால், அப்போது ஒரு பட்டனைக் கழற்றிவிட்டு அணிந்து, பிறகு மாட்டிக்கொள்ளுங்கள். கீழ் விளிம்பை உடனே மடித்து அடிக்காமல், பாவாடையை ஒரு நாள் தொங்கவிட்டு, உடுத்தி நின்றும் உட்கார்ந்தும் பார்த்து, தரையிலிருந்து அளந்து குறித்த பின் அடியுங்கள்.

துளை எலாஸ்டிக் கிடைக்காத ஊர்களில், 12 அங்குல நெய்த எலாஸ்டிக்கின் இரு முனைகளிலும் ¾ அங்குல நாடாவைத் தைத்து, அதே காஜாக்களை வெளிப்புறத்தில் முன்பட்டையின் நடுவுக்கு அருகே எடுத்து, முன்னால் முடிச்சிடலாம். இழுவிசை எலாஸ்டிக்கினுடையது, அளவு நாடாவினுடையது. 

பட்டில் இவற்றையெல்லாம் முயல வேண்டாம். பட்டில் ஒருமுறை விழுந்த ஊசித் துளை பிரித்தாலும் மறையாது. சிறுமிகளின் பட்டுப் பாவாடைக்கு இடுப்புப் பட்டையைப் பருத்தி உள்துணியில் தனியாக அமைத்து, அதில் கொக்கிக்கு மூன்று நான்கு வளையங்களை அரை அங்குல இடைவெளியில் வைப்பதே வளரும் பிள்ளைக்கு ஏற்றது.

சேலைக்கான உள்பாவாடை வேறு கதை. கொசுவத்தின் எடையை முழு எலாஸ்டிக் தாங்காது. மாலைக்குள் சேலை கீழிறங்கும். அதனால்தான் இன்றும் நாடா நிலைக்கிறது. ஆனால் மெல்லிய நாடாவை ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் இறுக்கிக் கட்டுவது வெறும் தழும்போடு நிற்பதில்லை. 2024இல் பி.எம்.ஜே. கேஸ் ரிப்போர்ட்ஸ் என்ற மருத்துவ இதழில், மகாராஷ்டிரத்தின் வார்தாவையும் பீகாரையும் சேர்ந்த மருத்துவர்கள், இடுப்பில் உடையை இறுக்கிக் கட்டியதால் தொடர்ந்து உராய்ந்த இடத்தில் ஆறாத புண் உண்டாகி அது தோல் புற்றுநோயாக மாறிய இரு முதிய பெண்களைப் பற்றி எழுதினார்கள். உள்பாவாடையைத் தளர்வாகக் கட்டச் சொன்னதும் அவர்கள்தான். மிக அரிதான நிலைதான், பயம் தேவையில்லை. ஆனால் இடுப்பில் கறுத்த வளையம் இருப்பவர்கள் உள்பாவாடையின் நாடா வழியை 1½ அங்குலமாக அகலப்படுத்தி, ஓர் அங்குலத் தட்டை நாடா போட்டு, முடிச்சு வரும் இடத்தின் பின்னால் மெத்தென்ற துணித் துண்டொன்றை வைத்துத் தைத்துக்கொள்வது நல்லது. முடிச்சை ஒரு நாள் இடமும் மறுநாள் வலமுமாக மாற்றிக் கட்ட, திறப்பை இரு பக்கமும் வைத்துக்கொள்ளலாம்.

எலாஸ்டிக்கின் ஆயுளைக் குறைப்பவை சூடான இஸ்திரியும் வெளுக்கும் தூளும். நம் பாவாடையில் எலாஸ்டிக் பட்டையோடு தைக்கப்படாததால், தளர்ந்ததும் மாற்றுவது எளிது. இரு பட்டன்களையும் கழற்றி, பழையதன் ஒரு முனையோடு புதியதன் முனையை நான்கு தையல் போட்டு இணைத்து, பழையதை மறுபக்கத்திலிருந்து மெல்ல இழுங்கள். ஊக்கின் உதவியின்றியே புதியது பின்பட்டை முழுதும் ஓடி வந்து வெளியே தலைகாட்டும்.