தினச் சமையலை மாற்றாமல் சத்தைக் கூட்டும் வழி

சத்தாகச் சாப்பிடப் புதுப் பண்டம் எதுவும் வாங்க வேண்டாம். தினமும் வைக்கிற சாம்பார், கீரை, இட்லியிலேயே அளவையும் வரிசையையும் கொஞ்சம் மாற்றினால் போதும்.

முதலில் பருப்பு. நான்கு பேருக்கான சாம்பாரில் பல வீடுகளில் ஒரு கைப்பிடி, அதாவது சுமார் 50 கிராம் துவரம்பருப்புதான் விழுகிறது. ஆளுக்கு 3 கிராம் புரதம்கூடத் தேறாது. அதை 150 கிராமாக்குங்கள். ஆளுக்கு 8 கிராம் கிடைக்கும். அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்கிற அமினோ அமிலம் (புரதத்தின் ஒரு கூறு) பருப்பில் நிறைய உண்டு என்பதால் இரண்டும் சேரும்போதுதான் புரதம் முழுமையாகிறது. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு நல்ல கணக்கு.

பருப்பு வேகவில்லை என்று சோடா உப்பு போடாதீர்கள், தயாமின் என்கிற பி1 வைட்டமின் அழிந்துவிடும். பெரும்பாலும் குறை உப்புத்தண்ணீரில்தான் இருக்கும். அரை மணி நேரம் ஊறவைத்து, குடிதண்ணீரில் வேகவையுங்கள். காய் வெந்த பிறகே புளி கரைத்து ஊற்ற வேண்டும். முன்பே ஊற்றினால் காய் விறைத்துக்கொள்ளும், கொதிக்கும் நேரமும் நீளும்.

அடுத்து இரும்புச்சத்து. இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கீரை சாப்பிடாதது மட்டும் இதற்குக் காரணம் இல்லை. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு உடலில் எளிதில் சேராது. கூடவே வைட்டமின் சி இருந்தால்தான் நன்றாகச் சேரும்.

முருங்கைக்கீரையை இப்படிச் செய்து பாருங்கள். இலையை உருவும் முன் கொத்தாகவே அலசி, நீரை நன்றாக உதறிவிடுங்கள். 2 தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, 10 சின்ன வெங்காயம் தாளித்து, நான்கு கைப்பிடி இலையைப் போட்டு, லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். கரண்டியின் தட்டையான பக்கத்தால் கிளறினால் கீரை உருண்டை உருண்டையாகச் சேர்ந்துகொள்ளும். காம்புப் பக்கத்தால் கிளறுங்கள். மூடி போட வேண்டாம், நிறம் கறுத்துவிடும். மலர வெந்த பாசிப்பருப்பு கால் கப், தேங்காய்த் துருவல் சேர்த்து இறக்குங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி சூட்டில் வீணாகும். புளியில் சி மிகக் குறைவு என்பதால் எலுமிச்சைக்குப் பதிலாக அதை நம்ப முடியாது. பச்சை நெல்லிக்காய்த் துவையல் தாராளமாகச் சரி.

இவ்வளவும் செய்துவிட்டுச் சாப்பிட்ட கையோடு டீயோ காபியோ குடித்தால் இரும்பு உடலில் சேர்வது வெகுவாகக் குறைந்துவிடும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இந்த ஒன்றை மட்டும் கடைப்பிடித்தாலே பெரிய லாபம். புளிக்குழம்பை இரும்புச்சட்டியில் வைப்பதும் உதவும். கொதித்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றாவிட்டால் கறுத்து, இரும்பு வாடை வந்துவிடும்.

சுண்ணாம்புச்சத்துக்குப் பாலக்கை நம்ப வேண்டாம். அதிலுள்ள ஆக்சலேட் என்கிற பொருள் சுண்ணாம்புச்சத்தை உடலில் சேரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, தயிர் மூன்றும் இதற்கு உகந்தவை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பருப்பையும் கீரையையும் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சோற்றுக்குப் புழுங்கல் அரிசி நல்லது. நெல்லை அவிக்கும்போது தவிட்டின் பி வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. இரண்டு முறை களைந்தால் போதும். வடித்த கஞ்சியைக் கொட்டாமல் உப்புப் போட்டுக் குடிக்கலாம், ரசத்திலும் சேர்க்கலாம்.

இட்லிக்கு 2 கப் இட்லி அரிசி, 2 கப் சாமை, 1 கப் தோல் உளுந்து, 1 தேக்கரண்டி வெந்தயம். அரிசியையும் சாமையையும் சேர்த்து நான்கு மணி நேரம், உளுந்தையும் வெந்தயத்தையும் தனியாக இரண்டு மணி நேரம் ஊறவையுங்கள். உளுந்தைப் பொங்கப் பொங்க அரைத்து, சாமைக் கலவையை ரவைப் பதத்தில் நிறுத்துங்கள். நைசாக விட்டால் இட்லி பிசுபிசுக்கும். இந்த மாவு சீக்கிரம் புளிக்கும். வெயில் காலத்தில் ஆறு மணி நேரத்திலேயே பொங்கிவிட்டதா என்று பார்த்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். தோல் உளுந்தால் இட்லி சற்றுச் சாம்பல் நிறமாக வரும். பிள்ளைகள் முகம் சுளித்தால் முதல் வாரம் சாமையை ஒரு கப்பாகக் குறைத்து, அரிசியை மூன்றாக்கித் தொடங்குங்கள்.