ஃபைபர் படகுக்குப் பெரிய மோட்டார்: டிரான்சத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஆழக்கடலுக்குப் போகலாம் என்று ஒருவர் முடிவெடுத்ததும் கரையில் எழும் பேச்செல்லாம் மோட்டாரைப் பற்றியதாகவே இருக்கும். எத்தனை குதிரைத்திறன், என்ன எரிபொருள், உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பார்கள். அந்த மோட்டாரைச் சுமக்கப்போகும் சுவரைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. அமரத்தில், அதாவது படகின் பின்முனையில், படகைக் குறுக்காக மூடி நிற்கும் அந்தப் பின்சுவர்தான் டிரான்சம். மோட்டாரின் எடையை அது தாங்குகிறது. படகைத் தள்ளும் விசை முழுவதும் அதன் வழியாகவே உடலுக்குப் போகிறது. பின்னாலிருந்து எழும் அலையைத் தடுப்பதும் அதுவே. இந்த மூன்றாவது வேலையை மறந்துவிட்டு, மோட்டார் பொருந்தினால் போதும் என்று டிரான்சத்தை வெட்டிவிடுகிறார்கள். அதைத் தடுக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

20 முதல் 28 அடி வரையுள்ள ஃபைபர் படகுகளை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு இத்தகைய படகுகள் தமிழகக் கரைகளுக்குப் பெருமளவில் வந்தன. அவற்றில் பல, நீண்ட தண்டுள்ள சிறிய டீசல் எஞ்சினை வைத்து ஓடியவை. அந்த எஞ்சினின் எடை படகுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. வெளியே தொங்கும் அவுட்போர்டு மோட்டாரை அதே படகில் மாட்டும்போது, டிரான்சம் இதுவரை அறியாத ஒரு சுமையை ஏற்கிறது. படகு கட்டும் வேலை தெரியாதவர்களும் பின்பற்றும்படி ஒவ்வொரு படியாகப் போவோம்.

படி 1: படகு எங்கே கரை பிடிக்கிறது?

அளவுநாடாவை எடுப்பதற்கு முன் இதற்குப் பதில் சொல்லுங்கள். தூத்துக்குடி, காசிமேடு, சின்னமுட்டம் போன்ற துறைமுகத்தில் கட்டப்படும் படகுக்கு அலைவாயை, அதாவது கரையோரம் அலை உடையும் இடத்தை, கடக்கும் தொல்லை இல்லை. சோழமண்டலக் கரையில் பல ஊர்களில் படகு நேரே மணலில் ஏறுகிறது. கரை திரும்பும்போது படகின் முன்முனையான அணியம் கரையைப் பார்த்திருக்கும். உடைகிற அலைகள் ஒவ்வொன்றும் அமரத்தின் மேல்தான் விழும். மணலைத் தொடுவதற்குச் சற்று முன்பு மோட்டாரை முழுதாகத் தூக்க வேண்டும். பிறகு ஆட்களோ டிராக்டரோ படகை இழுக்கும்போது டிரான்சத்தின் அடிமூலை மணலில் தேய்கிறது.

இது பழைய சிக்கல். 1980களில் சென்னையிலிருந்து இயங்கிய, ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம், கடற்கரையில் ஏற்றக்கூடிய படகுகளை வடிவமைத்தபோது, புரொப்பெல்லரைத் தூக்கிக்கொள்ளும் அமைப்பை அவற்றில் வைத்ததற்குக் காரணம் இதுதான்.

மணலில் ஏறும் படகு என்றால் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் எந்த அமைப்பையும் சந்தேகத்தோடு பாருங்கள். துறைமுகப் படகுக்கு வழிகள் கூடுதல்.

படி 2: உயரத்தை அளந்து எழுதுங்கள்

டிரான்சத்தின் நடுவில், படகின் அடியிலிருந்து மோட்டார் உட்காரும் மேல்விளிம்பு வரை, சுவரின் சாய்வையொட்டி அளக்க வேண்டும். அடியில் ஏரா (படகின் நடு அடிக்கட்டை) துருத்தியிருந்தால் அதைச் சேர்க்காதீர்கள். அவுட்போர்டு மோட்டார்களின் தண்டு பொதுவாக 15, 20, 25, 30 அங்குலம் என்ற நீளங்களில் வருகிறது. உங்கள் அளவு இவற்றில் ஒன்றுக்கு அருகில் இருக்கும். சுவரின் தடிமனையும் குறித்துக்கொள்ளுங்கள். கைத்திருகால் இறுக்கும் மோட்டார்களுக்கு ஓர் உச்ச தடிமன் உண்டு. அது மோட்டாரின் கையேட்டில் இருக்கும்.

இந்த இடத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. மலிவாகக் கிடைத்தது என்று 15 அங்குலத் தண்டுள்ள மோட்டாரை வாங்கிவந்து, 20 அங்குல டிரான்சத்தை அதற்காக வெட்டிவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். சுமையேற்றிய படகின் அடி அமரத்தில் 25 செ.மீ. மூழ்கியிருப்பதாகக் கொள்வோம். 15 அங்குலம் என்பது 38 செ.மீ. ஆகவே வெட்டின் விளிம்புக்கும் கடலுக்கும் இடையே மிஞ்சுவது 13 செ.மீ. மட்டுமே. 20 அங்குல டிரான்சத்தில் அது 26 செ.மீ. 25 அங்குலத்தில் 38 செ.மீ. ஐந்து அங்குலம் கூட்டினால் பாதுகாப்பு இரட்டிப்பாகிறது. தண்டுக்காக டிரான்சத்தை வெட்டாதீர்கள். டிரான்சத்துக்கேற்ற தண்டை வாங்குங்கள். ஆழத்துக்குப் போகும் படகுக்கு 20 அங்குலத்துக்குக் குறைவான டிரான்சத்தை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

படி 3: வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

நம் கரைகளில் நடைமுறைக்கு ஒத்துவருபவை மூன்று.

முதலாவது, வெறும் வெட்டு. சுவரின் நடுப்பகுதியைத் தாழ்த்தி மோட்டாரை மாட்டிவிடுவது. செலவு குறைவு, வேலை எளிது. தாழ்ந்த இடத்தில் ஏறும் தண்ணீர் நேரே படகுக்குள் வருகிறது என்பதுதான் குறை. ஓர் அலை படகுக்குள் 4 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலத்துக்கு 10 செ.மீ. தண்ணீரை விட்டுச்சென்றால் அது கிட்டத்தட்ட 490 கிலோ. ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் படகுக்குள் குதித்தது போன்ற எடை அது. அந்தத் தண்ணீர் ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. அமரம் ஏற்கெனவே தாழ்ந்திருப்பதால் அங்கேயே ஓடிச் சேர்ந்து, அடுத்த அலைக்கு விளிம்பை இன்னும் தாழ்த்திக்கொடுக்கும். கழிமுகத்திலும் உப்பங்கழியிலும் ஓடும் படகுக்கு இந்த வடிவம் போதும். ஆழக்கடலுக்கு வேண்டாம்.

இரண்டாவது, வெட்டும் மோட்டார் தொட்டியும் சேர்ந்தது. வெட்டுக்கு முன்னால், படகுக்குள், ஒரு குறுக்குச் சுவரும் தரையும் அமைத்து ஒரு தொட்டி போலக் கட்டுகிறோம். வெட்டைத் தாண்டி வரும் அலை அந்தத் தொட்டியில் விழுந்து, பின்பக்கத் துளைகள் வழியே கடலுக்கே திரும்பிவிடும். உள்சுவரின் உயரம் படகின் பக்கவிளிம்புக்குச் சமமாக இருக்க வேண்டும். அதைவிடத் தாழ்ந்தால் தொட்டி கட்டியதன் பயன் போய்விடும். தொட்டியின் தரை, சுமையேற்றிய நிலையில் கடல்மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு அகலமான வடிகால் துளைகள் வையுங்கள். எரிபொருள் குழாயும் கம்பிகளும் தொட்டியைக் கடக்கும் இடங்களை ரப்பர் உறை போட்டு அடைக்க வேண்டும். அந்த ஓட்டைகளைத் திறந்தே விட்டுவிட்டால் தண்ணீர் படகின் அடிக்குள் போய்விடும். தொட்டியின் நீளத்தை முடிவுசெய்யும் முன், முழுதாகத் தூக்கிய நிலையில் மோட்டாரின் தலை எவ்வளவு முன்னால் வருகிறது என்பதைக் கையேட்டின் படத்தில் பாருங்கள். மணலில் ஏறும் படகில் மோட்டாரை முழுதாகத் தூக்க முடியாத தொட்டி ஆபத்து.

மூன்றாவது, உயரம் குறையாத முழுச் சுவரும், அதற்கு வெளியே பிராக்கெட்டும். அமெரிக்காவின் ஃபுளோரிடா போன்ற இடங்களில் ஆழக்கடல் மீன்பிடிப் படகுகளைப் புதுப்பிப்பவர்கள் இதை விரும்புகிறார்கள். அலுமினியத் தாங்கி ஒன்று மோட்டாரைப் படகுக்குப் பின்னால் நிறுத்துகிறது. மிதவைப் பெட்டியோடு வருபவையும் உண்டு. சுவரில் வெட்டே இல்லை என்பதால் பின்னாலிருந்து எழும் அலை உள்ளே வருவது வெகுவாகக் குறையும்; படகுக்குள் இடமும் கூடும். படத்தில் பார்க்கும் எவருக்கும் ஆசை வரும்.

நம் படகுகளுக்கு அது பொருந்தாததற்கு எளிய காரணம் ஒன்று போதும். கையால் கைப்பிடியைப் பிடித்து ஓட்டும் மோட்டாரைப் பிராக்கெட்டில் மாட்டினால் கை எட்டாது. கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டுமானால் சுவரைத் தாண்டிக் கடலின் மேல் குனிய வேண்டும். ஸ்டீயரிங் சக்கரம், தொலைக் கட்டுப்பாடு, மின்சார ஸ்டார்ட்டர் மூன்றும் உள்ள படகுக்குத்தான் பிராக்கெட். கரையேறும் படகுக்கு அது மணலில் இடிக்கும். அமரத்திலிருந்து வலை இழுப்பவர்களுக்கு வலை சிக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 100 கிலோ மோட்டாரின் எடைமையம் சுவரிலிருந்து 20 செ.மீ. தள்ளியிருந்தால் சுவரை வளைக்கும் திருப்புவிசை 20 கிலோகிராம்-மீட்டர். 50 செ.மீ. பிராக்கெட்டில் அதே மோட்டார் 70 செ.மீ. தள்ளிப்போகிறது, திருப்புவிசை 70 ஆகிறது. மூன்றரை மடங்கு! அலையில் படகு தூக்கிப் போடும்போது இது மேலும் பல மடங்காகும். பழைய டிரான்சத்தில் பிராக்கெட்டை மட்டும் போல்ட் போட்டு மாட்டித்தருவதாக ஒருவர் சொன்னால், உள்ளே என்ன முட்டுக் கொடுப்பீர்கள் என்று கேளுங்கள்.

ஆகவே கைப்பிடியால் ஓட்டும், மணலில் ஏறும் படகுக்கு என் தேர்வு: வெட்டின் விளிம்பு வரை 20 அல்லது 25 அங்குலம் உள்ள டிரான்சம், வெட்டோடு ஆழமான மோட்டார் தொட்டி. துறைமுகத்தில் நிற்கும், ஸ்டீயரிங் உள்ள பெரிய படகு வைத்திருப்பவர் பிராக்கெட்டை யோசிக்கலாம். இருபுறமும் கூர்த்த வள்ளங்களில் பக்கவாட்டுத் தாங்கி போடுவது தனிக் கதை. பெரிய மோட்டாருக்கு அது ஏற்றதல்ல.

படி 4: தண்ணீர் கேன் சோதனை

பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டியது இது. 40 குதிரைத்திறன் இரு-வீச்சு (டூ-ஸ்ட்ரோக்) மோட்டார் சுமார் 70 முதல் 75 கிலோ. அதே திறனுள்ள நான்கு-வீச்சு (ஃபோர்-ஸ்ட்ரோக்) மோட்டார் சுமார் 95 முதல் 100 கிலோ. புதியதன் எடைக்குச் சமமாக 20 லிட்டர் தண்ணீர் கேன்களை டிரான்சத்தின் மேல் அடுக்கிக் கட்டுங்கள். பழைய மோட்டாரைக் கழற்றியிருக்க வேண்டும். எரிபொருள், ஐஸ், வலை, ஆட்கள் எல்லாம் ஏற்றி, அமைதியான தண்ணீரில் படகை நிறுத்துங்கள். பிடிபட்ட மீனோடு திரும்பும் நிலையையும் கணக்கில் சேருங்கள். இப்போது வெட்டின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளிகூட இல்லையென்றால், மோட்டாரைச் சிறிதாக்குங்கள் அல்லது டிரான்சத்தை உயர்த்துங்கள். எரிபொருள் தொட்டியையும் ஐஸ் பெட்டியையும் முன்னே நகர்த்துவதும் உதவும்.

மோட்டாரின் திறனை மாற்றுவதாக இருந்தால், படகின் பதிவு ஆவணங்களில் என்ன திருத்தம் தேவை என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் இந்தக் கட்டத்திலேயே கேட்டுவிடுங்கள்.

படி 5: சுவர் உயிரோடு இருக்கிறதா?

பெரும்பாலான ஃபைபர் டிரான்சங்களின் உள்ளே மரப்பலகையோ பிளைவுட்டோ இருக்கும். வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே உளுத்துப்போயிருக்கலாம். சிறு சுத்தியலின் பின்புறத்தால் சுவர் முழுவதும் தட்டுங்கள். கெட்டியான இடத்தில் ஓசை கூர்மையாக வரும். உளுத்த இடத்தில் மந்தமாகக் கேட்கும். அடுத்து, மோட்டாரைத் தூக்கிய நிலையில் அதன் கீழ்ப்பகுதியைப் பிடித்து அழுத்துங்கள். சுவரின் மேல்விளிம்பு அசைந்தால் நம்பாதீர்கள். கடைசியாக, சந்தேகமுள்ள இடத்தில் உட்பக்கமிருந்து 5 மி.மீ. துளை போட்டு மரத்தூளைப் பாருங்கள். காய்ந்த வெளிர்த்தூள் நல்லது. ஈரமாக, கறுத்து வந்தால் மையப்பலகையை மாற்றியாக வேண்டும். அழுகல் வழக்கமாக அடியிலுள்ள வடிகால் துளையைச் சுற்றியோ, மீன்காட்டிக் கருவிக்குப் போட்ட திருகுத் துளையிலோ தொடங்கும். அங்கே முதலில் தேடுங்கள். பார்த்து முடித்ததும் துளையை எப்பாக்ஸி என்ற ஒட்டும் ரெசினால் அடைத்துவிடுங்கள்.

படி 6: கட்டும்போது கேட்க வேண்டியவை

வேலையை அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள். ஆனால் பக்கத்தில் நில்லுங்கள். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரமுள்ள மரைன் பிளைவுட்டை அடுக்குகளாக ஒட்டி, மோட்டாரின் கையேடு அனுமதிக்கும் தடிமனுக்குள் கெட்டியான சுவராக்கலாம். மரத்தின் ஓரங்கள் உட்பட எல்லாப் பக்கங்களிலும் எப்பாக்ஸி பூச வேண்டும். பாலியெஸ்டர் ரெசின் மலிவு, ஆனால் மரத்தோடு எப்பாக்ஸி அளவுக்குப் பிடிக்காது. எப்பாக்ஸி பயன்படுத்தினால், இழைத் துண்டுகளைப் பசையால் ஒட்டிய சாதாரண விரிப்புக்கு (மேட்) பதிலாகத் தைத்த இழைத் துணியை எடுக்கச் சொல்லுங்கள். அந்த விரிப்பின் பசை எப்பாக்ஸியில் கரையாது. உச்சி வெயிலில் ரெசின் சட்டென்று இறுகிவிடும் என்பதால் காலையில் வேலையைத் தொடங்குவது நல்லது.

சுவர் மட்டும் கெட்டியாக இருந்து பயனில்லை; அது வாங்கும் சுமை படகின் உடலுக்குப் பரவ வேண்டும். அதற்காகச் சுவரிலிருந்து அடியிலுள்ள நீளக்கட்டைகள் வரை முக்கோண முட்டுகள் கொடுக்க வேண்டும். இழைத் துணி பக்கங்களுக்கும் அடிக்கும் ஒரு சாணளவாவது ஏறி, அடுக்குக்கு அடுக்கு தள்ளித் தள்ளி முடிய வேண்டும். வெட்டின் கீழ்மூலைகள் செங்கோணமாக இருக்கக்கூடாது, வளைவாக இருக்கட்டும். கூர்மூலையில்தான் வெடிப்பு தொடங்கும்.

படி 7: மாட்டுவதும் முதல் ஓட்டமும்

போல்ட் 316 தரத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். துளையைச் சற்றுப் பெரிதாகப் போட்டு, கெட்டியாக்கிய எப்பாக்ஸியால் நிரப்பி, அது இறுகிய பின் சரியான அளவில் மறுபடி துளையிட்டால் தண்ணீர் மரத்தைத் தொடாது. உட்பக்கம் அகலமான தகடு வையுங்கள். அடைப்பதற்குப் பாலியூரிதேனைப் பயன்படுத்துங்கள்; சிலிக்கான் வேண்டாம்.

உயரத்தைப் பொறுத்தவரை, மோட்டாரின் கேவிட்டேஷன் தகடு (புரொப்பெல்லருக்குச் சற்று மேலே உள்ள தட்டையான தகடு) படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் மேலாகவோ இருப்பது நல்ல தொடக்கம். பிராக்கெட் போட்டவர்கள், மோட்டார் பின்னே தள்ளிப்போகும் ஒவ்வோர் அடிக்கும் ஏறத்தாழ ஓர் அங்குலம் உயர்த்திப் பார்க்க வேண்டும்; படகுக்குப் பின்னால் தண்ணீர் எழும்பி வருவதே காரணம். திருப்பத்தில் புரொப்பெல்லர் காற்றைப் பிடித்து ஓலமிட்டால் மோட்டாரைத் தாழ்த்துங்கள்.

முதல் ஓட்டத்தைக் கரைக்கு அருகிலேயே, வெறும் படகிலும் பிறகு சுமையோடும் செய்யுங்கள். வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்சிலரேட்டரைக் குறைத்து, பின்னால் துரத்திவரும் படகின் சொந்த அலை தொட்டிக்குள் எவ்வளவு வருகிறது, எத்தனை விரைவில் வடிகிறது என்று பாருங்கள். திரும்பியதும் போல்ட்களை மறுபடி இறுக்கி, வெட்டின் மூலைகளையும் முட்டுகள் ஒட்டிய இடங்களையும் துடைத்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்தால் போல்ட்டை மேலும் முறுக்காதீர்கள்; மோட்டாரை இறக்கிவிட்டு, உட்பக்க முட்டுகள் விலகியிருக்கின்றனவா என்று கட்டியவரை வரவழைத்துக் காட்டுங்கள்.