எஸ்எஸ்எல்சிக்கு படிக்கும்போது நம்ம எஸ்டேட் பிள்ளைங்க பண்ற தப்புங்க

கேரளா இடுக்கி மாவட்டத்துல வண்டிப்பெரியார் பக்கம் எங்க எஸ்டேட் லயத்துல (வேல செய்றவங்க வீட்டு வரிச) சாயங்காலமானா பத்தாங்கிளாஸ் பிள்ளைங்க ஏழெட்டு பேரு பையத் தூக்கிட்டு எங்க வீட்டு வாசலுக்கு வந்துரும், எல்லாம் தமிழ் மீடியம், கேரளா சிலபஸ். அஞ்சாறு வருசமா அதுங்களோட ஒக்காந்து பாக்குறேன். படிக்காம மார்க்க விட்ட பிள்ளைய நெனச்சு எனக்கு அவ்வளவு வருத்தம் இல்ல, ராத்திரி பகலா படிச்சும் மார்க் வராம நிக்குதுங்க பாருங்க, அதத்தான் தாங்க முடியல. அதுக்காகத்தான் இத எழுதுறேன்.

பெரிய தப்பு எதுன்னா சும்மா திரும்பத் திரும்ப வாசிக்கிறது. போன வருசம் ஒரு பொண்ணு பயாலஜி புஸ்தகத்தோட வந்தா, பக்கத்துக்கு பக்கம் மஞ்ச பச்ச ரோஸ்னு ஹைலைட்டர், கலர் படாத வரிய தேடித்தான் கண்டுபிடிக்கணும். நாலு தடவ வாசிச்சுட்டேன்க்கா எல்லாம் தெரியும்னா. சரி புஸ்தகத்த மூடிட்டு நியூரான் (நரம்பு செல்லு) படம் வரைஞ்சு பாகம் குறின்னு சொன்னேன். ஆக்சான் வரைக்கும் வேகமா வந்தா, டென்ட்ரைட் எந்தப் பக்கம் போடணும்னு பென்சில் அப்படியே நின்னுருச்சு, ரப்பர் போட்டு அழிச்சு அழிச்சு பேப்பரே கிழிஞ்சுபோச்சு, கண்ணுல தண்ணி. புஸ்தகத்த தெறந்து காட்டுனதும் அய்யோ இது எனக்கு தெரியுமேக்கான்னா. அந்த 'தெரியுமே'தான் பிள்ளைங்கள கவுத்துவிடுது. பாத்தா அடையாளம் தெரியுது, பாக்காம எடுத்து எழுத வரல, ஹால்ல கேக்குறது ரெண்டாவதத்தான்.

இத நானா சொல்லல. அமெரிக்காவுல ரோடிகர், கார்பிக்னு ரெண்டு பேரு 2006ல காலேஜ் பிள்ளைங்கள வச்சு ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. ஒரு குரூப் ஒரே பாடத்த நாலு ரவுண்டு வாசிச்சுச்சு, இன்னொரு குரூப் ஒரு ரவுண்டு வாசிச்சுட்டு மூணு ரவுண்டு பாக்காம ஞாபகத்துல இருந்து எழுதிப் பாத்துச்சு. அஞ்சு நிமிசத்துல டெஸ்ட் வச்சா வாசிச்ச குரூப்தான் முன்னாடி நின்னுச்சு, ஆனா ஒரு வாரம் கழிச்சு கேட்டப்போ அவங்களுக்கு 40 சதவீதந்தான் ஞாபகம் இருந்துச்சு, எழுதிப் பாத்தவங்களுக்கு 61. பரிச்ச நமக்கு அஞ்சு நிமிசத்துலயா வருது? அதனால ரெண்டு பக்கம் வாசி, மூடி வை, ரஃப் நோட்டுல தெரிஞ்சத எழுது, அப்புறம் தெறந்து விட்டுப்போனத மட்டும் செவப்பு பேனாவுல எழுது. ரெண்டு நாள் கழிச்சு அந்த செவப்ப மட்டும் திரும்ப எழுதிப் பாரு. மொத வாரம் எரிச்சலா இருக்கும், ஒண்ணும் வராத மாதிரி இருக்கும், விட்றாத.

அடுத்தது இந்த பார்டர்ல இருக்குற நமக்குன்னே வர்ற தப்பு. கேரளா கைடெல்லாம் மலையாளத்துலயும் இங்கிலீஷ்லயும்தான் கைக்கு கிடைக்குது, அதனால அப்பா பார்டர் தாண்டி தமிழ்நாட்டு கம்பத்துக்கு போறப்ப ஒரு பத்தாங்கிளாஸ் கைடு வாங்கிட்டு வாங்கன்னு சொல்லிவிடுறது. தமிழ்லதான் இருக்கும், ஆனா அது தமிழ்நாட்டு புஸ்தகத்துக்கு எழுதுனது, நம்ம பாடம் கேரளா அரசோட பாடப்புஸ்தகம் தயார் பண்ற எஸ்சிஇஆர்டி போடுறது, பாட வரிசையும் வேற, கேள்வி கேக்குற விதமும் வேற. ஒரு பையன் கிறிஸ்மஸ் லீவு பூரா அந்த கைட வச்சு கெமிஸ்ட்ரி படிச்சிருக்கான், ஜனவரியிலதான் எங்கிட்ட காட்டுனான், எனக்கு வயிறே எரிஞ்சுபோச்சு. யூட்யூப்ல தமிழ் வீடியோ பாக்குறதுக்கும் இதேதான், ஒரு விசயம் புரியலைன்னா புரிஞ்சுக்க பாக்கலாம், முக்கியமான கேள்வின்னு அவங்க சொல்ற லிஸ்ட்ட நம்பாத. நம்ம எஸ்எஸ்எல்சி பழைய கொஸ்டின் பேப்பர் தமிழ்லயே உண்டு, டீச்சர்கிட்ட கேட்டு வாங்கி மணி பாத்து எழுது.

மணின்னதும் கூல் ஆஃப் டைம் ஞாபகம் வருது. நமக்கு பேப்பர் குடுத்ததும் 15 நிமிசம் எழுதக் கூடாது, வாசிக்க மட்டுந்தான். நெறைய பிள்ளைங்க அத காத்துட்டு இருக்குற நேரம்னு நெனச்சு ஜன்னலப் பாத்து ஒக்காந்திருக்கு. நம்ம பேப்பர்ல சாய்ஸ் உண்டுல்ல, எத எழுதணும் எத விடணும்னு முடிவு பண்றதுக்குத்தான் அந்த நேரம். கணக்கு பேப்பர் 80 மார்க், எழுதுறதுக்கு ரெண்டரை மணி நேரம், அப்படின்னா ஒரு மார்க்குக்கு ரெண்டு நிமிசம் கூட கிடையாது. சாய்ஸ்ல இருக்குறதெல்லாம் எழுதிட்டு கடைசி பெரிய கணக்குக்கு நேரம் பத்தலன்னு வந்து அழுத பிள்ளைய நான் பாத்திருக்கேன். சிஇ மார்க்கையும், அதாவது வருசம் பூரா கிளாஸ்ல செய்யுற வேலைக்கு ஸ்கூல்லயே போடுற மார்க்கையும் விட்றாதீங்க, 80 மார்க் பாடத்துக்கு 20 மார்க் அதுலதான் வருது, அத பிப்ரவரியில போயி அள்ள முடியாது.

எல்லாத்தையும் ஸ்டடி லீவுக்கு தள்ளிவிடுறதும் அப்படித்தான். ஜூன் ஜூலையில மழைக்கு கலெக்டர் லீவு விட்ட நாள்ல முக்கா மணி நேரம் பழைய பாடத்த எழுதிப் பாத்தாலே மார்ச்சுல பாதி பாரம் குறையும். அப்புறம் பரிச்சைக்கு முன்னாடி ராத்திரி கட்டன் டீ (பால் இல்லாத டீ) குடிச்சுக் குடிச்சு விடிய விடிய முழிக்காதீங்க, படிச்சது மண்டையில தங்குறதுக்கு தூக்கம் வேணும்.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். அம்மா கொழுந்து கிள்ளிட்டு வந்து அடுப்படியில நிக்கும்போது அவங்களுக்கு என்ன தெரியும்னு புஸ்தகத்த எடுத்துட்டு உள்ள போயிடாதீங்க. நம்ம புஸ்தகம் தமிழ்ல இருக்கு, எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிஞ்ச அம்மாவா இருந்தா போதும். அந்த ஹைலைட்டர் பொண்ணோட அம்மா சோறு வேகுற நேரத்துல கேள்விய மட்டும் ஒண்ணொண்ணா வாசிப்பாங்க, அவ புஸ்தகத்த பாக்காம பதில் சொல்லுவா, அப்புறம் அவளே வாங்கி சரி பாத்துக்குவா. ஜனவரி பாதியிலயே அந்த நியூரான ஒரு தடவ கூட அழிக்காம வரைஞ்சு எங்கிட்ட கொண்டுவந்து காட்டுனா, டென்ட்ரைட் சரியான பக்கத்துல இருந்துச்சு.